சட்டம் பயிலச் செல்லும் தம்பி தங்கையர்க்கு

(சட்டக் கல்விக்குத் தெரிவாகிய மாணவரும் அவர்தம் பெற்றோரும் குண்டசாலையில் கூடியிருந்த கூட்டத்திலே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இக்கூட்டத்துக்கு என்னை அழைத்த நண்பர்கள், "இன்று அரசியல் வேண்டாம், பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடியதாக ஏதேனும் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். அரசியல் மேடையில் பேசுவது பயனற்றது என்று அவர்கள் கருதுகின்றார்களோ என்னவோ! ஆயினும் அவர்களுடைய வேண்டுகோளைத் தலைமேற்கொண்டு, சட்டக் கல்வியின் முதலாண்டைப் பற்றி மட்டுமே பேசப் போகின்றேன்.

இந்த ஊர் சாதாரண ஊரன்று. 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் மகாவலியின் கரையிலே மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் "குண்டசாலை மன்னன்" என்றே பெயர் பெற்றான். அக்காலத்திலே நீதி வேண்டியவன் மன்னன் வாயிலிலே போய் நிற்க வேண்டியிருந்தது. இன்றோ நீதி நூல்களில் இருக்கின்றது. ஆனால், அந்த நூலைத் திறந்து படித்து, "ஐயா, உங்கள் காணிக்குச் சட்டம் இதுதான்" என்று மிளகுத் தோட்டக்காரருக்கும் தேயிலைத் தொழிலாளிக்கும் அவருடைய மொழியிலே சொல்ல ஆள் வேண்டுமே! அந்த ஆளாகத்தான் நீங்கள் போகின்றீர்கள்.

நான் செய்த பிழை

முதலில் என்னுடைய கதையொன்றைச் சொல்கின்றேன். பெருமைக்குரிய கதையன்று.

சட்டம் படிக்கத் தொடங்கி மூன்று மாதம் கழித்து விடுமுறைக்கு ஊர் வந்தேன். வெள்ளைச் சட்டையும் கையிலே தடித்த நூலுமாகத் தெருவில் நடந்தால், அரை நீதியரசர் நடந்து போவது போன்ற நினைப்பு எனக்கு. அயலிலே இருந்த பெரியவர் ஒருவர் என்னை மறித்து, மடியிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். இருபது பேர்ச் காணி வாங்கியிருந்தார். விற்றவருடைய கையொப்பம் இருந்தது, ஊர்ப் பெரியவர் இருவரின் கையொப்பமும் இருந்தது, முத்திரையும் ஒட்டியிருந்தது. "தம்பி, படித்த பிள்ளை நீ. இது சரிதானே?" என்று கேட்டார். நான் அக்கடதாசியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "விற்றவர் ஒப்பமிட்டிருக்கின்றார், சாட்சிகளும் இருக்கின்றார்கள். சரிதான் ஐயா" என்றேன்.

அவர் மகிழ்ச்சியோடு போய், அந்தக் காணியில் வீடு கட்டினார்.

காணிச் சட்டத்தை நான் படித்தது அதற்கு அடுத்த ஆண்டில். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், அதன் 2ஆம் பிரிவு: காணி விற்பனை எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட்டு அத்தாட்சிப்படுத்தப்படல் வேண்டும், இல்லையேல் அதற்குச் சட்டத்தில் வலுவில்லை. அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவசரமாக ஊருக்கு வந்து சொன்னேன். அதற்குள் விற்றவர் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் உறுதி எழுதிக் கொடுக்க மறுத்தார்கள். பத்தாண்டு தடையின்றி எதிரிடையாக ஆண்டு அனுபவித்தால் ஆட்சியுரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கின்றது. அவருக்கோ ஆறாண்டுகூட நிறையவில்லை. ஈற்றில் அதே காணிக்கு இரண்டாம் முறையும் விலை கொடுத்தார். என்னை அவர் ஒரு சொல் கடிந்தாரில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியாது ஐயா, கேட்டுச் சொல்கின்றேன்." முதலாண்டு மாணவன் கற்றுக்கொள்ள வேண்டிய முதற் சட்ட வாசகம் இதுவே. தெரிந்தது எது, தெரியாதது எது என்று கோடு கிழிப்பதே சட்டக் கல்வி. இனி நான் சொல்லப்போவன யாவும் இந்த ஒன்றின் விரிவுரையே.

ஒரு தெரு, பல சட்டங்கள்

முதலாண்டில் உங்களை முதலில் மருட்டுவது, இந்நாட்டுக்குச் சட்டம் ஒன்றன்று என்னும் செய்தி. பொதுச் சட்டம் உரோமன்-டச்சுச் சட்டம். அதன்மேல் ஆங்கிலச் சட்டம் படிந்துள்ளது. அவற்றோடு கண்டியச் சட்டம், தேசவழமை, முஸ்லிம் சட்டம் என்பனவும் உள. இதைப் பாடநூலில் படித்தால் தலை சுற்றும். குண்டசாலைத் தெருவிலே நின்று பார்த்தால் விளங்கிவிடும்.

ஒரே தெருவில் நால்வர் வாழ்கின்றனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வரும் மரணசாதனம் எழுதாமலே இறந்துவிடுகின்றனர். கண்டிச் சிங்களவரின் ஆதனத்துக்கு 1938ஆம் ஆண்டின் கண்டியச் சட்டக் கட்டளைச் சட்டம். முஸ்லிம் அன்பரின் ஆதனத்துக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் உரிமை வழிச் சட்டம். மலையகத் தமிழரின் ஆதனத்துக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பொதுச் சட்டம். அதன்படி மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலே கடை வைத்திருந்தவர் நான்காமவர். அவருக்குத் தேசவழமையா, பொதுச் சட்டமா? அவர் இன்னும் யாழ்ப்பாணத்து வாசிதானா, கண்டியையே நிரந்தர இருப்பிடமாகக் கொண்டுவிட்டாரா என்று பார்த்தே அதற்கு விடை சொல்ல முடியும்.

இப்பொழுது பாருங்கள்! "அப்பா இறந்தால் காணி யாருக்கு?" என்று உங்களை ஒருவர் கேட்டால், விடை சொல்வதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனை! கேள்வியைக் கேட்காமல் விடை சொல்பவன் சட்டம் படித்தவனல்லன்.

பலாப்பழமும் களவும்

இரண்டாவது, சொற்களை எடைபோடக் கற்பது. தண்டனைச் சட்டக் கோவை நமக்கு 1883ஆம் ஆண்டில் வந்தது; இந்தியாவின் 1860ஆம் ஆண்டுக் கோவையை அடியொற்றியது. அதன் 366ஆம் பிரிவு களவு இன்னதென்று கூறுகின்றது. சாதாரண மனிதனுக்குக் களவு ஒரு சொல். சட்ட மாணவனுக்கு அது ஐந்து கேள்வி. எடுத்த பொருள் அசையும் பொருளா? இன்னொருவர் கைவசம் இருந்ததா? அவருடைய சம்மதமின்றி எடுக்கப்பட்டதா? அதை எடுக்கும் பொருட்டு அசைத்தானா? நேர்மையீனமான எண்ணம் இருந்ததா? ஐந்தில் ஒன்று குறைந்தாலும் களவு இல்லை.

பக்கத்து வளவுப் பலாமரத்தின் பழத்தை ஒருவர் பறித்துவிட்டார். பழம் மரத்தோடு ஒட்டி நிற்கும்வரை அது அசையும் பொருளன்று. காம்பு அறுந்த கணத்திலே அசையும் பொருளாகிவிடுகின்றது. சரி, களவுதானா? வேலி எங்கே ஓடுகின்றது என்பதில் ஐயம் உண்டு. அம்மரம் தன்னுடையது என்று அவர் உண்மையாகவே நம்பிப் பறித்தார் என்றால், நேர்மையீனம் எங்கே? அது எல்லைத் தகராறு. பொலிசு நிலையத்துக்கன்று, குடியியல் நீதிமன்றுக்குப் போக வேண்டிய வழக்கு. கமக்காரப் பெரியோர்களே, இந்த வேற்றுமை தெரியாமல் எத்தனை குடும்பங்கள் அயலவரோடு பகைத்துப் பொலிசு வாயிலில் நாட்களைக் கழித்திருக்கின்றன என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுவதில்லை.

தேர்விலும் இதுவே முறை. வினாவில் ஒரு கதை தந்திருப்பார்கள். அந்தக் கதையைத் திருப்பி எழுதாதீர்கள். அது பரீட்சகருக்குத் தெரியும். பிரச்சினை என்ன, அதற்குரிய சட்டம் என்ன, அச்சட்டம் இந்தச் சங்கதிகளுக்கு எவ்வாறு பொருந்துகின்றது, முடிவு என்ன என்று நான்கு படியாக எழுதுங்கள். முடிவு தவறினாலும் வழி சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. வழியில்லாத முடிவு குருட்டாம்போக்கில் எறிந்த கல்.

தீர்ப்பைப் படிக்கும் வகை

மூன்றாவதும் முதன்மையானதும், தீர்ப்பைப் படிக்கும் வகை. நம் பக்கத்து வழக்கொன்றையே எடுத்துக்கொள்வோம்.

மடுல்கலையிலே தேயிலைத் தோட்டத்தில் சின்னத்துரையாகப் பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில், தொழிலாளர் பக்கம் நின்று நாவலப்பிட்டிக் கூட்டத்திலே பேசினார். தோட்டத் துரைமார் கொதித்தெழுந்தனர். 1937ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்தக் கட்டளை பிறப்பித்தார். கைதான பிரேஸ்கேர்டிலுக்காக ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. எச். வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்சும் உடனிருந்த நீதியரசர்களும் கட்டளை செல்லாது என்று அவரை விடுதலை செய்தனர்.

தம்பி தங்கையரே! அந்நீதிமன்று தீர்த்தது என்ன? "தொழிலாளர் உரிமை வென்றது" என்று மேடையிலே நாங்கள் பேசுவோம். பரீட்சைத் தாளிலே அப்படி எழுதினால் மதிப்பெண் பூச்சியம். அவர் பேசியது சரியா, தவறா என்பதை நீதிமன்று தீர்க்கவில்லை. ஆளுநருக்கு நாடு கடத்தும் அதிகாரமே கிடையாது என்றும் சொல்லவில்லை. அவசர நிலைக்காக அளிக்கப்பட்ட அதிகாரத்தை அவசர நிலை இல்லாத காலத்தில் பிரயோகிக்க இயலாது, அதிகார எல்லையை நீதிமன்று ஆராயலாம், அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" என்பதே தீர்ப்பின் அடிநியாயம். ஏனையவை இடையுரை. ஆனால், சிறிதாகத் தோன்றும் அந்த அடிநியாயமே பெரியது. ஆளுநரும் சட்டத்துக்கு உட்பட்டவரே என்பதை அது நிலைநாட்டிற்று. குடையின் காம்பைப் பிடித்தவனுக்குக் குடை முழுவதும் கைக்கு வருமல்லவா?

இன்னொரு வழக்கு நம் நெஞ்சைத் தொடுவது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின், சிங்களத் தேர்ச்சி பெறவில்லை என்பதற்காக 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் கோடீசுவரன் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்று அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்று, அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்கிட முடியாது என்று அதை மாற்றிற்று. 1969இல் பிரிவிக் கவுன்சில், வழக்கிட முடியும் என்றது. மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணா என்னும் உயிர்க் கேள்வியையோ தானே தீர்க்காமல் இலங்கைக்குத் திருப்பியனுப்பிற்று. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவும் மறைந்தது. அக்கேள்விக்கு மேல்மன்று எதுவும் விடை கூறவேயில்லை.

"பிரிவிக் கவுன்சில் சிங்களம் மட்டும் சட்டத்தைச் செல்லாதென்று தீர்த்தது" என்று நான் முதலாண்டு விடைத்தாளில் எழுதினேன். மேடைகளிலே கேட்டதை நம்பி எழுதினேன். அப்பாடத்தில் தவறினேன். விடைத்தாளைக் காட்டி என் ஆசிரியர், "நீர் விரும்பியதை எழுதியிருக்கின்றீர், நீதிமன்று சொன்னதை எழுதவில்லை" என்றார். இருபது ஆண்டுக்கு மேலாகியும் அச்சொல் என் காதிலே ஒலிக்கின்றது. நம்முடைய உரிமைக்காகப் பேசுபவன் நமக்குச் சாதகமான பொய்யையும் பேசலாகாது. எதிர்த்தரப்பார் அப்பொய்யை உடைக்கும்போது, அதன் பக்கத்தில் நின்ற மெய்யும் சேர்ந்தல்லவா உடைகின்றது?

மொழி என்னும் மலை

நமது பிள்ளைகளை முதலாண்டிலே வீட்டுக்குத் திருப்பியனுப்புவது பெரும்பாலும் சட்டமன்று. ஆங்கிலத்தின் மீதுள்ள அச்சம். சட்டக் கல்லூரித் தேர்வுகள் ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறல் வேண்டுமென்று 2020 டிசம்பரில் வர்த்தமானி வெளியாயிற்று. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அவ்விதிகளை நிராகரித்தது. தமிழிலே எழுதும் வாயில் அடைபடவில்லை. அந்த வாயில் நமது உரிமை, அதை விட்டுக்கொடுத்தலாகாது.

ஆயினும், வாயில் திறந்திருக்கின்றது என்பதற்காக வீட்டுக்குள்ளே இருப்பன அனைத்தும் தமிழில் இருக்கின்றன என்று எண்ணிவிடாதீர்கள். புதிய சட்ட அறிக்கைகள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்க் குறிப்புகளை மட்டும் மனனஞ் செய்பவன் இன்னொருவன் மென்றதை உண்பவன். அவன் பிழைபட மென்றிருந்தால் உங்கள் கதி என்ன?

நான் கண்ட வழியைச் சொல்கின்றேன். நாளொன்றுக்கு ஆங்கிலத் தீர்ப்பில் ஒரு பக்கம். ஒன்றே ஒன்று. அகராதியை வைத்துக்கொண்டு படியுங்கள். பின்னர் நூலை மூடிவிட்டு, அதைத் தமிழில் ஐந்து வரியில் எழுதுங்கள். எழுத முடியவில்லையானால் உங்களுக்கு விளங்கவில்லை என்பது பொருள், திரும்பவும் படியுங்கள். முதல் மாதம் ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் செல்லும். ஆண்டு முடிவில் அரை மணி நேரம் போதும். உங்கள் தாயாருக்கு விளங்கும் தமிழில் சொல்ல முடிந்த சட்டமே நீங்கள் கற்ற சட்டம்.

சிங்களத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். இதை நான் அச்சத்தினால் சொல்லவில்லை. தொழில் தெரிந்து சொல்கின்றேன். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்துக்குப் பின் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நீதிமன்ற மொழிகள் என்கின்றது. ஆனால் கண்டி நீதிமன்றுகளிலே நடவடிக்கைகள் நடப்பது சிங்களத்தில். தமிழிலே வழக்கைத் தாக்கல் செய்யவும், அம்மொழி அறியாதவர் அரசின் செலவிலே மொழிபெயர்ப்புப் பெறவும் அதே உறுப்புரை உரிமை தருகின்றது. சாட்சிக் கூட்டில் நிற்கும் நம் கமக்காரர் "வாரத்துக்குச் செய்தேன்" என்கின்றார். மொழிபெயர்ப்பாளர் "குத்தகை" என்று மாற்றிவிட்டால் வழக்கின் உருவமே மாறிவிடும். அக்கணத்திலே எழுந்து, "கனம் நீதிபதி அவர்களே, சாட்சி சொன்னது அதுவன்று" என்று சொல்ல இரு மொழியும் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் நீங்களாக இருத்தல் வேண்டும்.

அன்றாட ஒழுங்கு

சில நடைமுறைகளைச் சுருங்கச் சொல்கின்றேன். முதலில் சட்டப் பிரிவைப் படியுங்கள், அடுத்துத் தீர்ப்பை, அதன் பின்பே பாடநூலை. இவ்வொழுங்கைத் தலைகீழாக்காதீர்கள். மூவராகச் சேர்ந்து படியுங்கள். அம்மூவரில் ஒருவராவது வேறு மொழிக்காரராக இருக்கட்டும். நீங்கள் அவருக்குத் தேசவழமையை விளக்குங்கள்; அவர் உங்களுக்குக் கண்டியச் சட்டத்தை விளக்கட்டும்.

விடுமுறையில் வீட்டில் இராமல் நீதிமன்றுக்குப் போங்கள். கண்டிக்குப் போகலாம், தெல்தெனியாவுக்கும் போகலாம். நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெறல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை. பின் வாங்கிலே அமர்ந்து ஒரு குறுக்கு விசாரணையைக் கேளுங்கள். நல்ல சட்டத்தரணி எத்தனை கேள்வி கேட்டார் என்பதை விட, எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு பாடத்திலே தவறினால் உலகம் முடிந்துவிடாது. நான் தவறினேன், இன்று உங்கள் முன் நிற்கின்றேன். ஆனால் தவறியதை வீட்டுக்கு மறைக்காதீர்கள். மறைத்த தோல்வி வட்டியோடு வளரும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

பெற்றோர்களே! சட்டக் கல்லூரியிலே மூன்றாண்டு. அதன் பின் மூத்த சட்டத்தரணியிடம் ஆறு மாதம் பயிற்சி. அதன் பின்னும் கனிட்டராகச் சில ஆண்டு. பல்கலைக்கழகத்திலே பட்டம் பெறுவோரும் சட்டத்தரணியாவதற்குச் சட்டக் கல்லூரித் தேர்வுகளைக் கடந்தேயாக வேண்டும். தென்னை நட்டவன் அடுத்த போகத்தில் இளநீர் கேட்பதில்லை. மாதம் அனுப்பும் பணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் கணக்குக் கேளுங்கள், "எப்பொழுது உழைக்கப் போகின்றாய்?" என்று மட்டும் கேளாதீர்கள்.

இன்னொன்று. விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் ஊர்த் தகராறுகளைக் கொண்டு போகாதீர்கள். உறுதியைக் காட்டி, "பிள்ளை, சரிதானே?" என்று கேட்காதீர்கள். கேட்டால், பிள்ளை சொல்ல வேண்டிய விடையை நான் இன்று கற்றுக் கொடுத்திருக்கின்றேன். "தெரியாது, கேட்டுச் சொல்கின்றேன்" என்று பிள்ளை சொல்லுமானால், நம் பணம் வீணாயிற்றே என்று முகம் வாடாதீர்கள். பணம் பலன் தரத் தொடங்கிவிட்டது என்று மகிழுங்கள்.

தம்பி தங்கையரே! எனக்கு இன்று அந்த இருபது பேர்ச் காணிப் பெரியவர் இல்லை. சட்டத்தரணியாகச் சத்தியம் செய்துகொண்ட மறுவாரம் அவரைப் பார்க்கப் போனேன். இரண்டாம் முறை விலை கொடுத்து வாங்கிய உறுதியை எடுத்து வந்து என் கையிலே தந்து, "இப்பொழுது பார்த்துச் சொல், தம்பி" என்றார். நொத்தாரிசின் அத்தாட்சி, இரண்டு சாட்சிகள், காணிப் பதிவகத்தின் பதிவு, எல்லைகள் ஒவ்வொன்றாக அரை மணி நேரம் பார்த்தேன். அதன் பின்பே, "சரி ஐயா" என்றேன். அந்த அரை மணி நேரத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்றாண்டு சென்றது; அதன் விலையை அவர் கொடுத்தார். உங்கள் கல்விக்கு நம் ஊரிலே வேறொருவர் அவ்விலையைக் கொடுக்கலாகாது.

சென்று வாருங்கள், கற்று வாருங்கள்.